ஒருத்தரும் பாக்கல

அக்காவுக்கு வெட்கம் கிடையாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள், அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். "ஆமாண்டி, கீற வெக்கத்த எல்லாம் எங்கம்மா ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று அவளும் சிரிப்பாள். ஜன்னலோர சீட்டில் ஒரு காலை மடித்து ஏற்றி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவள் டப்பாவைத் திறந்து என்ன நாஷ்டா என்று பார்ப்பாள். பிடித்திருந்தால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று அதற்கப்புறம் கேட்பாள்.

அவள் பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் மகள் வீட்டில் சங்கடம். அக்கா என்றே இருக்கட்டும். மானேஜர் கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் அவளுக்கு நேர் எதிர். கல்யாணமாகி வந்த புதிதில் கொடியில் பாவாடையைக் காயப்போட்டால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துத்தான் காயப்போடுவேன். மாமனாரும் கொழுந்தனும் நடமாடுகிற வீடு. என் மாமியாருக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. பக்கத்து வீட்டில் போய், எங்கள் மருமகள் கட்டுகிற பாவாடை என்ன கலர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவாள்.

கம்பெனி தேர்வாய் கண்டிகைப் பக்கம். இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசுகிற இடம். பூசுவதற்கு முன்னால் இரும்பில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அதற்குத்தான் காஸ்டிக் சோடா. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜவ்வரிசி வடகத்தை நொறுக்கி மூட்டை கட்டின மாதிரி வெள்ளைச் செதிலாக இருக்கும். தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும். தொட்டியில் முதலில் தண்ணீர் இருக்க வேண்டும், அதில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மாற்றிச் செய்து, செதில் மேல் தண்ணீரை ஊற்றினால் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கம்பூட்டும் கொடுத்திருந்தார்கள். பெண்களுக்குச் சேலைமேல் போட்டுக்கொள்ள ஆம்பளைச் சட்டை ஒன்று.

சேர்ந்த புதிதில் வகுப்பு எடுத்தார்கள். ஆசிட் பட்டால் உடனே எரியும், அலறிக்கொண்டு ஓடுவீர்கள். காஸ்டிக் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழவழவென்றுதான் இருக்கும், அந்த வழவழப்பு உங்கள் தோல் கரைகிற வழவழப்பு, அதனால் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் நில்லுங்கள், துணிதான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அரிக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். நான் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டேன். துணியைக் கழற்றுவது என்றதும் பின்வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அக்கா மட்டும் எழுந்து நின்று கேட்டாள்: "கய்ட்டுனப்புறம் கட்டிக்க வேற துணி குடுப்பீங்களா சார், இல்ல அப்டியே ஊட்டுக்குப் போவணுமா?"

அப்படிப் போய் நிற்பதற்கென்று ஒரு ஷவர் வைத்திருந்தார்கள், அது இருந்த இடம்தான் பெரிய பேஜாரு. முன்பக்க யார்டில், லாரி எடைமேடைக்கு நேர் எதிரே, திறந்தவெளியில் நின்றது. பச்சை பெயிண்ட் அடித்த குழாய், மேலே தாம்பாளம் மாதிரி ஒரு தலை, அதிலிருந்து ஒரு சங்கிலி. சங்கிலியை இழுத்துப் பிடித்திருக்கும்வரை தண்ணீர் கொட்டும், விட்டால் நின்றுவிடும். சுற்றி ஒரு தட்டியாவது வைக்கக் கூடாதா என்று அக்கா மீட்டிங்கில் கேட்டாள். மறைப்பு எதுவும் வைக்கக் கூடாது, கண்ணில் பட்டுத் தடுமாறி ஓடி வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள் என்று பதில் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். பெண்கள் குளியலறையோ கேண்டீனையும் தாண்டிக் காம்பவுண்டு ஓரத்தில் இருந்தது.

தினமும் காலையில் அந்த ஷவர் வேலை செய்கிறதா என்று அக்கா பார்ப்பாள். குழாயில் துரு கட்டும், கோடையில் உள்ளே நிற்கிற தண்ணீர் கொதிக்கும், அதனால் முதல் தண்ணீரைத் திறந்து விட்டுவிட வேண்டும். இதைத் தள்ளி நின்று சங்கிலியை இழுத்துப் பார்த்தால் போதும். அவள் அடியிலேயே போய் நிற்பாள். சேலையோடு நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டி, கூந்தலைப் பிழிந்துகொண்டே தொட்டிக்கு வருவாள். லாரி கிளீனர் பையன்கள் விசில் அடித்தால் நின்று பதில் சொல்வாள்: "இன்னா நைனா, உங்கம்மா குளிச்சத நீ பாத்ததே இல்லியா?" அவள் ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரி, சின்னப் பையன்கள் எல்லோரும் அவளுக்கு நைனாதான். பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அவளோடு சேர்ந்து நடக்கவே கூச்சமாக இருக்கும். இரண்டடி பின்தங்கித்தான் நடப்பேன்.

அன்று டீக்கு பெல் அடிக்கிற நேரம். முந்தின நாளே பிரித்த மூட்டை ஒன்று காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து உள்ளே கட்டியாகிப்போயிருந்தது. கட்டியை உடைத்துத்தான் போட வேண்டும். டீ ஆறிவிடுமே என்று நான் மூட்டையின் அடியைப் பிடித்துத் தொட்டியில் கவிழ்த்தேன். கட்டி மொத்தமாகப் போய் விழுந்தது. மார்பிலிருந்து தொடைவரை தெறித்து நனைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. உடம்பில் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஒண்ணியும் இல்ல, நான் போய்க் கழுவிக்கினு வரேன்" என்று குளியலறைப் பக்கம் நடந்தேன்.

அக்கா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஆட்டை இழுக்கிற மாதிரி யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். டிரைவர்கள், கிளீனர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் டீ கிளாசோடு நின்றார்கள். சங்கிலியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அக்கா என் சட்டையைக் கிழித்தாள், சேலையை உருவினாள், ஜாக்கெட்டின் ஊக்கு தெறித்து விழுந்தது. கேண்டீனிலிருந்து யாரோ புளித்தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், புளிப்பு ஊற்றினால் காரம் முறியும் என்று. "அதக் கொண்டாந்து ஊத்தி புள்ளய வேவ வெச்சிடாதீங்க, தண்ணி போதும்" என்று அக்கா தட்டிவிட்டாள். நான் பாவாடை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விடமாட்டேன் என்று கத்தினேன். கடித்தேன் என்றும் சொல்கிறார்கள். அவள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வுடுடி. மானம் போனா நாளைக்கு வரும், தோலு போனா வராது."

மானம் போனால் வராது என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் சொல்வாள். டீ நேரம் முடிந்து பெல் அடித்து, அதற்குமேலும் வெகுநேரம் நான் அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்றேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

என் உடம்பில் இன்று ஒரே ஒரு தழும்புதான் இருக்கிறது. இடது இடுப்பில், ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு. நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இடம் அது.

ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"யார்லாம் பாத்தாங்கக்கா?"

"ஒருத்தரும் பாக்கல. எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிகினாங்க."

"நெஜமாவா?"

"உன் மேல ஆணைடி. தூங்கு."

நம்பினேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: "பச்சைக் கலர் பாவாடையாமே அன்னிக்கு." அவருடைய பங்காளி ஒருத்தன் அங்கே லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தான். அவன் தெருவில் சொல்லியிருக்கிறான், தெரு இவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. மருந்து வாங்கி வந்தார், மழையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆனால் அதன்பின் வெகுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எனக்குக் கோபமெல்லாம் அக்கா மேல்தான் வந்தது. வெட்கங்கெட்டவள், அதற்குமேல் பொய் வேறு, அதுவும் என் தலைமேல் ஆணையிட்டு.

வேலைக்குத் திரும்பின முதல் நாள் யார்டைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். டீ கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் நிற்கிறது தெரிந்தது. திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், அக்கா லாரி எடைமேடை மேல் ஏறி நடுவில் நின்றுகொண்டிருக்கிறாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேபினைப் பார்த்துக் கத்துகிறாள்: "சார், என் வெயிட்டு எவ்ளோன்னு பாத்து சொல்லு. லோடோட கீறனா, காலியா கீறனா?" மொத்த யார்டும் அவளைத்தான் பார்த்தது. நான் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டேன். அப்போதும் எனக்கு, இப்படி ஒருத்தியோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. அவள் எதற்காக ஏறினாள் என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது.

இதெல்லாம் அவள் மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரைதான். மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டைப் பையன். நல்ல பையன், வேலைதான் இல்லை. அக்காவே மானேஜரிடம் நின்று கேட்டு, நம் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வைத்தாள். அவன் சேர்ந்த அன்றுதான் எனக்கு அந்த அதிசயம் பார்க்கக் கிடைத்தது. அவன் வண்டி தொட்டிப் பக்கம் வந்ததும் அக்கா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானை இரண்டு தோளையும் மூடியிருந்தது.

"இன்னாக்கா, உனக்கும் வெக்கம் வந்துட்ச்சா?" என்று கேட்டேன்.

"சும்மா கிட. பொண்ணு ஊட்டுக்காரரு வராரு."

அவள் ஊர்ப் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் நிற்கிற வழக்கம் இல்லை. பேர் சொல்ல மாட்டார்கள், நேராகப் பேச மாட்டார்கள். வீட்டில் என்றால் கதவு இருக்கிறது. இங்கே தூண்தான் இருந்தது. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூணைப் பார்த்து என்னிடம் சொல்வாள், நான் அவனிடம் சொல்ல வேண்டும். அவன் மூன்றடி தள்ளித்தான் நிற்பான், எல்லாம் கேட்கும். ஒரு நாள் அப்படித்தான் சொன்னாள்: "அவுர்கிட்ட சொல்லு, யாருக்குன்னா பட்ச்சின்னா மொதல்ல ஓடிப்போய் சங்கிலிய புடிக்கச் சொல்லு. இன்னா ஆனாலும் வுடக் கூடாது. வுட்டா நின்னுடும்." நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "சரி அத்தே" என்று அவனும் தூணிடமே சொன்னான். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

காலையில் ஷவருக்கு அடியில் நிற்பதையும் அவள் விட்டுவிட்டாள். அந்த நேரத்தில்தான் அவன் யார்டில் வண்டி ஓட்டுவான். ஈரத்துணி இருக்கட்டும், சும்மா சங்கிலியை இழுக்கக்கூட அவன் எதிரில் எப்படிப் போவது? "நீ கொஞ்சம் பாத்துடுடி" என்று என்னிடம் கேட்டாள். தள்ளி நின்று இழுத்தால் போதும்தான். ஆனால் அந்தக் குழாய்ப் பக்கம் போக என் கால் வரவில்லை, மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை. அவளுக்குத் தெரியும்.

பழைய கரைசலை வடிக்கிற நாளில் அது நடந்தது. தொட்டி அடியில் மாட்டியிருந்த ஹோஸ் கழன்று, பீய்ச்சி அடித்தது. வால்வை மூடப்போன அக்காவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை நனைந்தது. வால்வை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். நூல் சேலை, அத்தனையையும் குடித்துக் கனத்துத் தொங்கியது. "ஓடுக்கா" என்றேன். அவளே இரண்டடி யார்டுப் பக்கம் ஓடவும் செய்தாள். அப்புறம் நின்றாள்.

ஷவர் அடியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். கூச்சல் கேட்டதும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சங்கிலியைப் பிடித்திருந்தான். குழாய் இருமியது. முதலில் செங்கல் கரைத்த மாதிரி துருத்தண்ணீர் வந்து, அப்புறம்தான் தெளிந்தது. அவன் கத்தினான்: "வாங்க அத்தே. சீக்கிரம் வாங்க அத்தே."

அக்கா அவனைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து இரண்டு தோளிலும் போர்த்தினாள். திரும்பிக் குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"ஒண்ணியும் இல்லடி. வழவழன்னு கீது, அவ்ளோதான். நான் உள்ள போய் ஊத்திக்கிறேன்."

நான் சொன்ன அதே பேச்சு. எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்திருப்பேன். அடிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன். "மானம் நாளைக்கு வரும்னு நீதானக்கா சொன்ன" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"அவுரு நிக்கிறாருடி" என்றாள். சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பருமன், என்னால் நகர்த்த முடியவில்லை. சங்கிலியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவனைப் போகச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. "திரும்பிக்கோப்பா" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ. சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து, "மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கினா இன்னாய்யா, செத்தா பூடுவீங்க?" என்று கத்தினேன். அன்றுவரை கம்பெனியில் ஆண்களிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. சிலர் திரும்பினார்கள். பெண்கள் நான்கைந்து பேர் வந்து, அவளை மூட்டை மாதிரி தூக்கிப் போய்த் தண்ணீரில் போட்டோம். நான்தான் சேலையை உருவினேன். அவள் பாவாடை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

மாப்பிள்ளை சங்கிலியை விடவில்லை. அவன் கண்ணையும் மூடவில்லை. தண்ணீர் அவள்மேல் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான், அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

உயிர் பிழைத்தாள். தொடை இரண்டிலும் தோல் போய்விட்டது. வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். குளியலறைப் பக்கம் திரும்பியதிலும் தரையில் உட்கார்ந்ததிலும் போன தோல் அது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வேலைக்கு அப்புறம் அவள் வரவில்லை. நான்தான் இப்போது காலையில் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறேன், தள்ளி நின்றபடி.

அவள் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. என்ன முகத்தோடு போவது? எனக்கு அவள் செய்தபோது நான் அவளை என்னென்ன நினைத்தேனோ, அதையெல்லாம் அவள் என்னை நினைப்பாள் என்று இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் காலை நீட்டி, மேலே போர்வை போட்டு உட்கார்ந்திருந்தாள். என் பையைப் பிடுங்கிப் பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத்தினிதானா?" என்றாள்.

அக்கா இப்போது மகள் வீட்டுக்குப் போவதே இல்லையாம். வாராவாரம் மருமகன் வருகிறான், வாசலில் நின்று "எப்டி கீறீங்க அத்தே" என்று கேட்கிறான், இவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். இதையெல்லாம் வேறு யாரோ வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம், போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அவுரு பாத்தாராடி?"

"இல்லக்கா. அந்தப் பக்கம் திரும்பிகினுதான் சங்கிலிய புடிச்சாரு. ஒருத்தரும் பாக்கல."

அக்கா என்னையே பார்த்தாள். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நானும் உன்கிட்ட அப்டித்தான சொன்னேன்" என்றாள்.

தெருவில் கேட்ட வண்டிச் சத்தம் வாசலில் வந்து நின்றது. "அத்தே" என்று அவன் குரல். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். என் கையும் தானாகப் போய் முந்தானையை இழுத்து இடுப்பில் தழும்பு இருக்கிற இடத்தை மூடியது.